நுண்ணுயிர் எரிபொருள் கலத்திற்கு ஏற்ற சவ்வு எது?

கழிவுநீரைத் தூய்மை செய்வதற்கு மின்சாரம் தேவைப்படுகிறது. நீருக்குள் காற்றைச் செலுத்தும் இயந்திரங்களே அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடுகின்றன. அந்நீரில் கரைந்துள்ள கரிமப் பொருள்களிலிருந்தே மின்சாரம் பெற முடிந்தால் இச்செலவு குறையும் என்ற எதிர்பார்ப்பே நுண்ணுயிர் எரிபொருள் கலத்தின்பால் அறிவியலாரின் கவனத்தை ஈர்த்தது. நுண்ணுயிர்கள் மின்னோட்டம் தரவல்லவை என்பதை 1911-இல் இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியர் எம். சி. பாட்டர் வெளியிட்டார். நூறாண்டுகளுக்குப் பின்னரும் இக்கலம் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்திலேயே தங்கியிருப்பதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் முக்கியமான ஒன்று, கலத்தின் இரு அறைகளையும் பிரித்து நிற்கும் மெல்லிய சவ்வு.

ஆனோடு அறையில், ஆக்சிஜன் இல்லாத நிலையில், பாக்டீரியங்கள் கரிமப் பொருளைச் சிதைக்கின்றன. அப்போது வெளிப்படும் எலெக்ட்ரான்கள் கம்பி வழியாகக் கேதோடை அடைகின்றன. புரோட்டான்கள் நீரின் வழியே செல்ல வேண்டும். கேதோடில் இவ்விரண்டும் ஆக்சிஜனுடன் சேர்ந்து நீராகின்றன. இடையிலுள்ள சவ்வு அயனிகளுக்கு வழிவிட வேண்டும். அதே நேரத்தில் ஆக்சிஜன் ஆனோடு அறைக்குள் கசியாமலும், கழிவுப் பொருள் கேதோடு பக்கம் செல்லாமலும் தடுக்க வேண்டும். வழிவிடுவதும் தடுப்பதும் ஒன்றுக்கொன்று முரணான பணிகள். எந்தச் சவ்வும் இரண்டையும் நிறைவாகச் செய்வதில்லை.

புகழும் பொருத்தமும்

ஆய்வாளர்கள் முதலில் நாடியது அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம் 1960-களில் உருவாக்கிய நாஃபியான் சவ்வையே. ஃபுளூரின் நிறைந்த பாலிமர்த் தொடரில் சல்ஃபோனிக் அமிலத் தொகுதிகள் இணைந்த பொருள் இது. ஹைட்ரஜன் எரிபொருள் கலத்தில் புரோட்டான் தவிர வேறு நேர்மின் அயனி இல்லாமையால் அங்கு இச்சவ்வு சிறப்பாகச் செயல்படுகிறது. சாக்கடை நீரின் இயல்பு வேறு. அதில் சோடியம், பொட்டாசியம், அம்மோனியம், கால்சியம், மக்னீசியம் ஆகிய அயனிகள் நிறைந்துள்ளன. நடுநிலை நீரில் புரோட்டான்களைவிட இவை ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்கு மிகுதி என்பதையும், சவ்வைப் பெரும்பாலும் இவையே கடந்து செல்கின்றன என்பதையும் நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2006-இல் சுட்டிக்காட்டினர். ஆகவே ஆனோடு அறை அமிலமாகிறது. கேதோடு அறை காரமாகிறது. பி.எச். வேறுபாடு ஒவ்வோர் அலகு உயரும்போதும் சுமார் 0.06 வோல்ட் மின்னழுத்தம் இழக்கப்படுகிறது. ஒரு வோல்ட்டுக்கும் குறைவாகவே தரும் கலத்திற்கு இது சிறிய இழப்பன்று. விலை உயர்ந்த சவ்வு தன் பெயருக்குரிய பணியை இங்குச் செய்ய இயலாமல் போகிறது.

எதிர்மின் அயனிகளைக் கடத்தும் சவ்வுகளும் சோதிக்கப்பட்டன. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2007-இல் வெளியான ஒப்பீட்டில் இவ்வகையே முதலிடம் பெற்றது. சதுர மீட்டருக்கு 610 மில்லிவாட் வரை கிடைத்தது. பாஸ்பேட் அயனிகள் புரோட்டான்களைச் சுமந்து சென்றதே காரணம். ஆனால் அப்பாஸ்பேட் ஆய்வாளர்கள் கரைசலில் சேர்த்தது. நகராட்சிக் கழிவுநீரில் அவ்வளவு பாஸ்பேட்டைக் கொட்டுவது செலவு மட்டுமன்று, ஏரிகளுக்குத் தீங்குமாகும்.

சவ்வையே நீக்கிவிட்டால் என்ன? அதே பல்கலைக்கழகத்தின் 2004-ஆம் ஆண்டு ஆய்வில், குளுக்கோஸ் ஊட்டப்பட்ட கலத்தின் திறன் சதுர மீட்டருக்கு 262 மில்லிவாட்டிலிருந்து 494 ஆக உயர்ந்தது. ஆனால் சிதைந்த பொருளின் எலெக்ட்ரான்களில் மின்னோட்டமாக மாறிய பங்கு 40 முதல் 55 விழுக்காடு என்ற நிலையிலிருந்து 9 முதல் 12 விழுக்காடாகச் சரிந்தது. உள்ளே கசிந்த ஆக்சிஜனை நுண்ணுயிர்களே பயன்படுத்திக்கொண்டன.

மண்பானையின் இடம்

நம் நாட்டு நிலைக்கு நெருக்கமான ஒப்பீடு கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் நடைபெற்றது. அரிசி ஆலைக் கழிவுநீரை ஒரு மண்பானைக் கலத்திலும், புரோட்டான் கடத்தும் சவ்வு பொருத்திய கலத்திலும் செலுத்தி 2010-இல் முடிவுகள் வெளியிடப்பட்டன. பானையின் சுட்ட மண் சுவரே சவ்வின் பணியைச் செய்தது. ஊட்டும் நீரின் பி.எச். 8 ஆக இருந்தபோது வேதி ஆக்சிஜன் தேவை பானைக் கலத்தில் 96.5 விழுக்காடும், சவ்வுக் கலத்தில் 92.6 விழுக்காடும் குறைந்தது. மின்திறன் கன மீட்டருக்கு முறையே 2.3 வாட், 0.53 வாட்.

இவ்வெண்களைக் கொண்டு மண் நான்கு மடங்கு மேலானது என்று முடிவு கட்டுவது தவறு. இரு கலங்களின் அமைப்பும் ஒன்றல்ல. மேலும் கன மீட்டருக்கு 2.3 வாட் என்பது மிகச் சிறிய அளவு. இங்கு மதிப்பிட வேண்டியது நீர் தூய்மையானதையும், அதற்கு உள்ளூர்க் குயவரின் சூளைப் பொருளே போதுமாயிருந்ததையும்தான். சுட்ட மண் அயனிகளைத் தேர்ந்தெடுப்பதில்லை. அதன் நுண்துளைகளில் நிற்கும் நீர் வழியே அவை செல்கின்றன. களிமண் கனிமங்களின் அயனிப் பரிமாற்றப் பண்பும் ஓரளவு துணைபுரிகிறது. இதனை வலுப்படுத்த மான்ட்மோரில்லனைட் கனிமத்தை மண்ணில் கலந்து சுடும் முறையைக் கரக்பூர் ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்டனர். சுவர் தடித்தால் மின்தடை கூடும்; மெலிந்தால் ஆக்சிஜன் கசியும், பானையும் உடையும். ஆகவே மண்ணின் கலவையும், சுடும் வெப்பமும், சுவரின் கனமும் ஊருக்கு ஊர் சோதித்தே முடிவு செய்யப்பட வேண்டியவை.

ஒரு சவ்வைப் பரிந்துரைக்கும் அறிக்கை அலுவலரின் மேசைக்கு வரும்போது, மின்திறன் எண்ணுக்கு முன் அவர் பார்க்க வேண்டியவை வேறு. சோதனை உண்மையான கழிவுநீரில் நடந்ததா, தாங்கல் கரைசலிலா? திறன் மின்வாயின் பரப்பைக் கொண்டு கணக்கிடப்பட்டதா, அறையின் கொள்ளளவைக் கொண்டா? சவ்வின்மீது நுண்ணுயிர்ப் படலம் படிந்து அடைபடும் வரையில் கலம் எத்தனை மாதங்கள் இயங்கியது?