நாற்பதுக்குப் பின் புதுத் தொழில்: ஸ்கில்ஸ்ஃபியூச்சர் உதவியை முழுமையாகப் பெறுவது எப்படி?

சிங்கப்பூர்க் குடியுரிமை உள்ளவரா? வயது நாற்பதைத் தாண்டிவிட்டதா? அப்படியானால் புதுத் திறன் கற்க உங்கள் பெயரில் 4,000 வெள்ளி ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருக்கிறது. 2024 மே மாதம் தொடங்கிய ஸ்கில்ஸ்ஃபியூச்சர் லெவல்-அப் திட்டத்தின் தொகை அது. அதற்குக் காலாவதி தேதி இல்லை. இன்னும் நாற்பதை எட்டாதவர்களுக்கு, அந்த வயது வந்ததும் கிடைக்கும்.

ஆனால் இது ஒருமுறை மட்டுமே கிடைக்கும் தொகை. கடைத்தொகுதியில் யாரோ நீட்டிய துண்டுப்பிரசுரத்தைப் பார்த்து ஒரு வகுப்பில் சேர்ந்துவிட்டு, "சான்றிதழ் வந்தது, வேலை வரவில்லை" என்று வருந்துபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பாடத்தை முதலில் தேர்ந்தெடுத்து, வேலையைப் பிறகு தேடியதே காரணம். முதலில் வேலை, அடுத்து பாடம், கடைசியில் பணம். இந்த வரிசையில் போனால் ஒரு வெள்ளிகூட வீணாகாது.

படி 1: எந்த வேலை என்று முடிவு செய்யுங்கள்

மைகரியர்ஸ்ஃபியூச்சர் இணையத்தளத்தில் நீங்கள் விரும்பும் வேலைக்கான விளம்பரங்களில் பத்தையாவது படியுங்கள். எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப வரும் தகுதிகளைத் தாளில் எழுதுங்கள். அவற்றில் உங்களிடம் இருப்பவற்றை அடித்துவிட்டால், மிஞ்சுவதுதான் நீங்கள் கற்க வேண்டியது.

தனியாக முடிவெடுக்கத் தயக்கமாக இருந்தால் ஆலோசகரைப் பாருங்கள். சிங்கப்பூர் ஊழியரணி அமைப்பின் கரியர்ஸ் கனெக்ட் நிலையங்களிலும், என்டியுசியின் இ2ஐ அமைப்பிலும் வேலை வழிகாட்டுதல் கிடைக்கும். சமூக மேம்பாட்டு மன்றங்கள் நடத்தும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் ஆலோசனைப் பயிலரங்குகளுக்குக் கட்டணம் இல்லை. போகும்போது அந்தத் தாளையும் கையோடு கொண்டுபோங்கள். "எனக்கு என்ன படிக்கலாம்?" என்று பொதுவாகக் கேட்பவருக்குப் பொதுவான பதில்தான் கிடைக்கும்.

படி 2: கணக்கில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

மைஸ்கில்ஸ்ஃபியூச்சர் தளத்தில் சிங்பாஸ் வழியாக நுழைந்தால் உங்கள் இருப்பு தெரியும். அங்கே ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கிரெடிட் எனப்படும் இரண்டு தொகைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, 25 வயதை எட்டிய குடிமக்களுக்குக் கிடைக்கும் 500 வெள்ளி. 2016இல் தொடங்கிய இந்தத் தொகைக்குக் காலாவதி இல்லை. 2020இல் கூடுதலாகத் தரப்பட்ட தொகை வேறு. அதன் கெடு 2025 டிசம்பர் 31இல் முடிந்தது.

இரண்டாவது, 4,000 வெள்ளி. வேலைவாய்ப்புக்கு நேரடியாக உதவும் பாடங்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவற்றுக்கு மட்டுமே இதைப் பயன்படுத்தலாம். பலதுறைத் தொழிற்கல்லூரிகளும் தொழில்நுட்பக் கல்விக் கழகமும் வழங்கும் தகுதிப் படிப்புகள், தொழில் மாறுவோருக்கான எஸ்சிடிபி பாடங்கள், துப்புரவு, பாதுகாவல் போன்ற துறைகளில் படிப்படியாக உயரும் சம்பள முறைக்குத் தேவையான பயிற்சிகள் ஆகியவை இதில் அடங்கும்.

சின்ன வகுப்புகளுக்கு 500 வெள்ளியை எடுங்கள். தொழிலையே மாற்றும் படிப்புக்கு 4,000 வெள்ளியைப் பத்திரமாக வைத்திருங்கள்.

படி 3: பாடத்தை அலசுங்கள்

ஒரே பெயரில் பல நிலையங்கள் பாடம் நடத்தும். குறைந்தது மூன்றையாவது ஒப்பிடுங்கள். தளத்தில் முன்பு படித்தவர்கள் தந்த நட்சத்திர மதிப்பீடு இருக்கும். அதோடு நிலையத்தைத் தொலைபேசியில் அழைத்து இவற்றைக் கேளுங்கள்:

• சென்ற வகுப்பில் படித்தவர்கள் என்ன வேலைக்குப் போனார்கள்?
• நுழைவுத் தகுதி என்ன? எந்த அளவுக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும்?
• தேர்வு எழுத்திலா, செய்முறையிலா? தவறினால் மறுதேர்வுக்குக் கட்டணம் உண்டா?
• நிறுவனங்களோடு நேர்முகத்துக்கு ஏற்பாடு செய்வீர்களா?

ஆங்கிலக் கேள்வி நம்மவர்களில் மூத்தோருக்கு மிகவும் முக்கியம். தொழில் கைவந்தவர்கூடத் தேர்வுத்தாளின் மொழியில் தடுமாறலாம். அப்படியானால் முதலில் பணியிட ஆங்கிலப் பயிற்சி ஒன்றை முடித்துவிட்டு வாருங்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

படி 4: கட்டணத்தைக் கணக்கிடுங்கள்

பலர் கோட்டைவிடும் இடம் இதுதான். கிரெடிட் வேறு, மானியம் வேறு. அரசு ஆதரவுள்ள பாடங்களில் மானியம் முதலில் கழியும். மிஞ்சிய தொகைக்குத்தான் கிரெடிட்டைப் பயன்படுத்த வேண்டும். பொதுவாக மானியம் கட்டணத்தில் 50 விழுக்காடு வரை. நாற்பது வயதை எட்டிய குடிமக்களுக்குப் பல பாடங்களில் அது 70 விழுக்காடு வரை உயரும். எஸ்சிடிபி பாடங்களில் 90 விழுக்காடு வரைகூடக் கிடைக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு. பாடத்தின் முழுக் கட்டணம் 6,000 வெள்ளி, உங்களுக்கு 70 விழுக்காடு மானியம் என்று வைத்துக்கொள்வோம். மானியமாக 4,200 வெள்ளி கழியும். மீதி 1,800 வெள்ளி. அதை 4,000 வெள்ளியிலிருந்து எடுத்தால், கணக்கில் இன்னும் 2,200 வெள்ளி இருக்கும். கையிலிருந்து படிப்புக் கட்டணம் ஏதும் போகவில்லை. பொருள் சேவை வரியை எந்தத் தொகையின் மீது கணக்கிடுகிறார்கள் என்பதை மட்டும் நிலையத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நீங்கள் என்டியுசி தொழிற்சங்க உறுப்பினர் என்றால், கையிலிருந்து கட்டும் பகுதியில் பாதியைத் தொழிற்சங்கப் பயிற்சி உதவித் திட்டத்தில் திரும்பப் பெறலாம். ஆண்டுக்கு 250 வெள்ளி வரை இப்படிப் பெறலாம்.

முதலாளி அனுப்பி, அவரே பணம் கட்டும் பாடத்துக்கு உங்கள் கிரெடிட்டைப் பயன்படுத்த முடியாது. ஆகவே இப்போதைய வேலையிலேயே உயர நினைப்பவர்கள் முதலில் மேலாளரிடம் பேசுங்கள்.

படி 5: வீட்டுச் செலவுக்கு வழி பாருங்கள்

கட்டணத்தைவிடப் பெரிய தடை, படிக்கும் மாதங்களில் சம்பளம் இல்லாமல் போவது. 2025 முதல் இதற்கும் உதவி உண்டு. நாற்பது வயதை எட்டிய குடிமக்கள், தேர்ந்தெடுக்கப்பட்ட முழுநேரப் படிப்பில் சேர்ந்தால் மாதந்தோறும் பயிற்சிப்படி பெறலாம். கடந்த 12 மாதச் சராசரி வருமானத்தில் பாதி, குறைந்தது 300 வெள்ளி, அதிகபட்சம் 3,000 வெள்ளி. வாழ்நாளில் மொத்தம் 24 மாதங்கள் வரை. மாதம் 3,200 வெள்ளி சம்பாதித்தவருக்கு 1,600 வெள்ளி வரும். வாடகை வாகனம் ஓட்டுபவர்கள், சொந்தத் தொழில் செய்பவர்கள் தங்கள் வருமானத்தை வரி ஆணையத்திடம் முறையாகத் தெரிவித்திருக்க வேண்டும். பதிவில் இல்லாத வருமானம் கணக்கில் வராது.

பகுதிநேரப் படிப்புக்கு மாதம் 300 வெள்ளி தருவது 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. ஆட்குறைப்பில் வேலை இழந்தவர்கள், ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டத்தையும் பாருங்கள். தகுதி பெற்றால் ஆறு மாதங்களில் 6,000 வெள்ளி வரை கிடைக்கும்.

படி 6: நேரத்தில் விண்ணப்பியுங்கள்

கிரெடிட்டுக்கான கோரிக்கையை வகுப்பு தொடங்கும் முன்பே அனுப்ப வேண்டும். முடிந்த பிறகு ரசீதோடு போனால் கிடைக்காது. பணம் உங்கள் கைக்கு வராது, நேராகப் பயிற்சி நிலையத்துக்குப் போகும்.

சேர்ந்த பிறகு வருகைப் பதிவில் கவனம் வையுங்கள். மானியம் பெறும் பாடங்களில் பெரும்பாலும் 75 விழுக்காடு வருகையும் தேர்ச்சியும் நிபந்தனை. தவறினால் மானியத் தொகையை உங்களிடம் கேட்கலாம்.

எச்சரிக்கை

"கிரெடிட்டைக் காசாக மாற்றித் தருகிறோம்", "வகுப்புக்கு வரவே வேண்டாம், பெயர் மட்டும் கொடுங்கள்" என்று யார் சொன்னாலும் விலகிவிடுங்கள். அது மோசடி. பெயர் கொடுத்தவரும் குற்றத்தில் சிக்குவார். 2017இல் ஒரு கும்பல் பொய்க் கோரிக்கைகளால் ஏறத்தாழ 40 மில்லியன் வெள்ளியைச் சுருட்டியது வெளியே வந்த பிறகு, கண்காணிப்பு கடுமையாகிவிட்டது. சிங்பாஸ் கடவுச்சொல்லை உறவினர், நண்பர், முகவர் என எவரிடமும் தராதீர்கள்.

இன்றே செய்ய வேண்டியது

விரும்பும் வேலைக்கான விளம்பரங்களைப் படித்து அந்தத் தாளை எழுதி முடியுங்கள். இந்த வாரத்துக்குள் ஓர் ஆலோசகரைச் சந்திக்க நேரம் வாங்குங்கள். இருபது ஆண்டுகள் உழைத்து நீங்கள் சேர்த்த பொறுமையும் பொறுப்பும் எந்த வகுப்பிலும் கற்றுத்தர முடியாதவை. அவற்றோடு ஒரு புதுத் திறன் சேர்ந்தால், நாற்பதிலும் ஐம்பதிலும் இன்னொரு நல்ல தொடக்கம் நிச்சயம் சாத்தியம்.