பழவேற்காட்டுத் தெருக்களில் ஒரு வரலாற்று வகுப்பு

கால்வாய் நகரம் என்றதும் மாணவர்கள் வெனிஸ், ஆம்ஸ்டர்டாம் என்பார்கள். டச்சு வணிகர்கள் கோட்டை கட்டி வாழ்ந்த ஒரு கால்வாய்க்கரை ஊர் நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே இருக்கிறது. அதுதான் பழவேற்காடு. சுண்ணாம்புக்குளம் போன்ற மீனவ ஊர்களின் பிள்ளைகளுக்கு அது அதே ஏரியின் கரையிலுள்ள ஊர். எட்டாம் வகுப்பில் ‘ஐரோப்பியர்களின் வருகை’ பாடம் நடத்தும்போது ஒரு காலைப்பொழுதை அதன் தெருக்களில் செலவிடலாம். ஒரு செய்தி நமக்கு எப்படித் தெரிய வந்தது என்று மாணவர்கள் பிரித்தறிவதே இக்களப்பயணத்தின் நோக்கம்.

புறப்படும் முன்

தலைமையாசிரியர், பெற்றோர் அனுமதியைப் பெறுங்கள். குறிப்பேட்டில் ‘கண்டது’, ‘கேட்டது’, ‘படித்தது’ என மூன்று பத்திகள் பிரிக்கச் சொல்லுங்கள். ‘முட்புதர் மூடிய மேடு’ என்பது கண்டது. ‘இங்கே கோட்டை இருந்ததாம்’ என்பது கேட்டது. ‘1613இல் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டினர்’ என்பது படித்தது. எதிலும் அடங்காதது ஊகம். அதன் பக்கத்தில் கேள்விக்குறி இட வேண்டும்.

நடக்கும் வழியில்

கோட்டை: நெதர்லாந்தின் ஒரு மாகாணப் பெயரால் இது கெல்டிரியா எனப்பட்டது. சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களின் தலைமையிடமாக இருந்தது. 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறியது. 1825இல் ஊர் ஆங்கிலேயர் வசமானது. இன்று மேடும் அகழியுமே மிச்சம். ‘கட்டடக் கற்கள் எங்கே போயிருக்கும்?’ என்று கேளுங்கள். அகழியின் ஓரம் செல்ல விடாதீர்கள்.

டச்சுக் கல்லறை: நுழைவாயிலின் இருபுறமும் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நிற்கின்றன. குழுவுக்கு ஒரு கல்லறைக்கல் எனப் பிரித்து, ஆண்டை மட்டும் எழுதச் சொல்லுங்கள். எல்லா ஆண்டுகளையும் காலக்கோட்டில் வைத்து 1613, 1690, 1825 ஆகியவற்றுடன் ஒப்பிடட்டும். தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள இடம் என்பதால் கற்களின்மேல் ஏறக்கூடாது.

சின்னப் பள்ளிவாசல்: இங்கே சூரியக் கடிகாரம் உள்ளது. அனுமதி பெற்றுப் பார்க்கலாம். நம் திட்ட நேரம் 82½° கிழக்குத் தீர்க்கக்கோட்டைச் சார்ந்தது. பழவேற்காடு ஏறத்தாழ 80.3°. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்றால் வேறுபாடு சுமார் 9 நிமிடம். இது மாதத்துக்கு மாதம் சற்றுக் கூடும், குறையும். கைக்கடிகாரத்துடன் ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

பக்கிங்காம் கால்வாய்: சென்னையிலிருந்து எண்ணூர் வரை 1806இல் வெட்டப்பட்டு, பின்னர் பழவேற்காடு ஏரி வரை நீட்டிக்கப்பட்டது. 1876–78 பஞ்சத்தின்போது கூலிக்கு வேலை கொடுப்பதற்காகச் சென்னைக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி வெட்டப்பட்டது. அப்போதைய ஆளுநரின் பெயரே கால்வாய்க்கு நிலைத்தது. ஸ்ரீஹரிகோட்டா விறகு இவ்வழியே படகில் சென்னைக்குப் போனது.

கல்லில் இல்லாத பெயர்கள்

பயணத்தின் முக்கியமான கேள்வியைக் கடைசியில் கேளுங்கள்: ‘கல்லில் யாருடைய பெயர் இருக்கிறது? யாருடைய பெயர் இல்லை?’ இத்துறையிலிருந்து துணி ஏற்றுமதியானது. 17ஆம் நூற்றாண்டில் மனிதர்களும் அடிமைகளாகப் படேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, கப்பலேற்றப்பட்டார்கள். டச்சு அதிகாரியின் பெயரும் இறந்த நாளும் கல்லில் இருக்கின்றன. துணி நெய்தவர், கப்பலேற்றப்பட்டவர், கால்வாய் வெட்டியவர் பெயர்கள் அங்கே இல்லை. மாணவர்கள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தால் அவசரப்பட்டு விடை சொல்லிவிடாதீர்கள்.

பள்ளிக்குத் திரும்பியபின்

இனி அவரவர் ஊருக்கு வரலாம். சுண்ணாம்புக்குளத்துக்கு அப்பெயர் ஏன் வந்தது? ஏரிப் படுகையில் கிளிஞ்சல் படிவு உண்டு. கிளிஞ்சலைச் சுட்டால் கரியமில வாயு வெளியேறிச் சுண்ணாம்பு கிடைக்கும். பெயர்க்காரணம் அதுதானா என்பதை மாணவர்களே விசாரிக்கட்டும். தொடக்க வகுப்புப் பிள்ளைகள் கிளிஞ்சல்களைப் பொறுக்கி வகைபிரித்து எண்ணலாம்.

மேல்வகுப்பு மாணவர்கள் வீட்டிலுள்ள தாத்தா, ஆயாவிடம் மூன்று கேள்விகள் கேட்டு வரட்டும். கால்வாயில் சரக்குப் படகு போனதைப் பார்த்திருக்கிறீர்களா? எந்தப் பாட்டில் யார் எந்த நாளில் வலை போடுவது என்பதை ஊரில் எப்படி முடிவு செய்தார்கள்? முகத்துவாரம் மணல் மூடியபோது என்ன செய்தீர்கள்? சொன்னவர் பெயர், வயது, கேட்ட தேதி மூன்றும் விடையோடு இருக்க வேண்டும்.

மதிப்பீட்டில் பக்க எண்ணிக்கையைப் பார்க்க வேண்டாம். செய்தி சரியான பத்தியில் இருக்கிறதா, ஊகத்துக்குக் கேள்விக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். கால்வாயில் படகு ஓடிய காலத்தை நேரில் கண்டவர்கள் இன்று முதியவர்கள். அவர்கள் சொல்வதைப் பெயரோடு எழுதி வைத்த குறிப்பேடுகளைப் பள்ளி நூலகத்தில் சேருங்கள். அடுத்த ஆண்டு வரும் வகுப்புக்கு அவையே ‘படித்தது’ பத்திக்கான நூலாகும்.