மூன்று விசிலில் வெனிலா எக்ஸ்ட்ராக்ட் தயாராகுமா?

கேள்வி: வீட்டிலேயே கேக் செய்து ஆர்டருக்குக் கொடுக்கிறேன். இவ்வளவு நாளும் கடையில் விற்கும் வெனிலா எசன்ஸ்தான் ஊற்றிக்கொண்டிருந்தேன். பொள்ளாச்சிப் பக்கம் என் நாத்தனார் வீட்டுத் தென்னந்தோப்பில் வெனிலாக் கொடி இருக்கிறது. போன வாரம் போயிருந்தபோது பச்சைக் காய் ஒரு கிலோ பறித்துக் கொடுத்தனுப்பினார்கள். இது போக, பதப்படுத்திய கறுப்புக் காய் 50 கிராம் விலைக்கு வாங்கி வைத்திருக்கிறேன். எக்ஸ்ட்ராக்ட் ஊறுவதற்கு மாதக்கணக்கில் ஆகுமாமே? ஒரு வீடியோவில் வோட்காவும் காயும் போட்ட பாட்டிலை எலெக்ட்ரிக் பிரஷர் குக்கருக்குள் வைத்து ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். என்னிடம் இருப்பது கேஸ் அடுப்பில் வைக்கிற 5 லிட்டர் விசில் குக்கர். அதில் எத்தனை விசில் விட வேண்டும்? பச்சைக் காயையும் அப்படியே போடலாமா? கிறிஸ்துமஸ் ஆர்டருக்கு வேண்டும்.
– ஒரு வாசகி, கோவை

பதில்: ஒரு விசில்கூட வேண்டாம் அம்மா. மது ஊற்றிய பாட்டிலைக் கேஸ் அடுப்புக் குக்கருக்குள் வைக்கவே கூடாது. கடிதத்தைப் படித்ததும் முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் தோன்றியது. காரணத்தை முழுதாகச் சொல்கிறேன். வெறுமனே பயமுறுத்தினால், அடுத்த வீடியோவைப் பார்த்ததும் மனம் மாறிவிடும்.

வெயிட் போடும் நம் குக்கர் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ அழுத்தத்தில் வேலை செய்கிறது. அப்போது உள்ளே வெப்பம் 121 டிகிரி செல்சியஸ் வரை ஏறும். இங்கே விற்கும் வோட்காவில் பெரும்பாலும் 42.8 சதவீதம் ஆல்கஹால் இருக்கிறது. திறந்த பாத்திரத்தில் அது 84 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். குக்கருக்குள் அழுத்தம் இருப்பதால் கொதிக்காது என்று சிலர் சொல்வார்கள். அழுத்தத்தில் கொதிநிலை உயர்வது உண்மைதான். ஆனால் அந்த அழுத்தத்திலும் 105 டிகிரி வாக்கில் வோட்கா கொதிக்கத் தொடங்கிவிடும். குக்கரோ அதைத் தாண்டி 121 வரை போகிறது.

இனிப் பாட்டிலின் மூடியைப் பாருங்கள். அதை இறுக்கமாக மூடினால், பாட்டிலுக்குள் சேரும் அழுத்தம் குக்கரின் அழுத்தத்தை மிஞ்சிவிடும். ஜாம், ஊறுகாய் வந்த பாட்டில்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. குக்கருக்குள் உடையாமல் தப்பினாலும், குக்கரைத் திறக்கும் நேரத்தில் ஆபத்து காத்திருக்கிறது. வெளியே அழுத்தம் இறங்கியிருக்கும், பாட்டிலுக்குள் இறங்கியிருக்காது. முகத்துக்கு நேரே கண்ணாடி சிதறுவது அப்போதுதான். மூடியைத் தளர்வாக விட்டாலோ, ஆல்கஹால் ஆவி பாட்டிலை விட்டுக் குக்கருக்குள் வந்து, நீராவியோடு சேர்ந்து வெயிட் வழியாக வெளியேறும். அது வெளியேறும் இடத்துக்கு ஒரு சாண் கீழே அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது.

100 மில்லி வோட்காவில் இருக்கும் ஆல்கஹால் முழுவதும் ஆவியானால் சுமார் 18 லிட்டர் ஆவி வரும். காற்றில் அது 3.3 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும். கணக்குப் பார்த்தால் 500 லிட்டருக்கு மேற்பட்ட காற்றை எரியக்கூடியதாக மாற்ற அந்த 100 மில்லி போதும். அத்தனையும் ஒரே விசிலில் வந்துவிடாது. ஆனால் அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, ஆறியதும் கீழே இறங்கும். ஜன்னல் சாத்திய சின்னச் சமையலறையில் அது இறங்கும் இடம் அடுப்பு மேடையும் தரையும்தான்.

எலெக்ட்ரிக் குக்கரில் சுடர் இல்லை, விசிலும் இல்லை. அந்த அளவுக்கு அது மேல். ஆனாலும் பாட்டில் உடையும் ஆபத்து அங்கேயும் இருக்கிறது. அவசரப்பட்டு வால்வைத் திறந்தால் ஆல்கஹால் ஆவி சமையலறைக்குள்தான் வரும். பக்கத்து அடுப்பில் பால் காய்ந்துகொண்டிருந்தால் என்ன ஆகும்? எலெக்ட்ரிக் குக்கர் வைத்திருப்பவர்களிடமும் நான் வேண்டாம் என்றே சொல்வேன்.

இவ்வளவு ஆபத்தையும் சமாளித்துச் செய்தால் கிடைப்பது என்ன? நல்ல நிறமும் வெனிலினும் சீக்கிரம் இறங்கும். அதை மறுக்க மாட்டேன். ஆனால் வெனிலின் இறங்குவது ஒரு பெரிய காரியமே இல்லை. நன்றாகப் பதப்படுத்திய காயில் 2 சதவீதம் வரை வெனிலின் இருக்கும். 10 கிராம் காயில் 0.2 கிராம். சாதாரண வெப்பத்தில் 100 மில்லி தண்ணீரே சுமார் 1 கிராம் வெனிலினைக் கரைத்துக்கொள்ளும். அப்படியிருக்க மது எதற்கு? காயில் வெனிலின் தவிர இருநூறுக்கு மேற்பட்ட மணப்பொருட்கள் இருக்கின்றன. தண்ணீரில் சரியாகக் கரையாத பிசினும் எண்ணெய்ப் பசையும் இருக்கின்றன. அவற்றை இறக்கவும், கெடாமல் வைக்கவும்தான் மது. இறங்கியவை ஒன்றோடொன்று கலந்து, மதுவின் காரம் அடங்கி மணம் உருண்டு திரள நாள் வேண்டும். அந்த வேலையைக் குக்கர் செய்யாது. கொதித்த சாறில் மரப்பட்டை வாசனையும் வெந்த வாசனையும் தூக்கலாக இருக்கும். மெல்லிய பூ மணம் ஆவியோடு போயிருக்கும்.

அமெரிக்காவில் வெனிலா எக்ஸ்ட்ராக்ட் என்ற பெயரில் விற்பதற்குச் சட்டம் ஒரு அளவு வைத்திருக்கிறது. ஒரு கேலனுக்கு 13.35 அவுன்ஸ் காயும் குறைந்தது 35 சதவீத ஆல்கஹாலும் இருக்க வேண்டும். நம் அளவில் சொன்னால் 1 லிட்டருக்கு 100 கிராம் காய். உங்கள் 50 கிராமுக்கு அரை லிட்டர் வோட்கா சரியாக இருக்கும். வீட்டில் போடுகிறவர்கள் செய்யும் பெரிய தவறே ஒரு பாட்டில் வோட்காவுக்கு இரண்டு காய் போட்டுவிட்டு, ‘மணமே இல்லை’ என்று குக்கரைத் தேடுவதுதான். காய் போதாததைச் சூடு ஈடுகட்டாது.

காயை நீளவாக்கில் கீறி, விரல் கணு அளவுத் துண்டுகளாக நறுக்குங்கள். விதைகளைச் சுரண்டி எறிய வேண்டாம், எல்லாம் பாட்டிலுக்குள் போகட்டும். காய் முழுவதும் முங்கியிருக்க வேண்டும். இறுக மூடி, வெயிலும் அடுப்புச் சூடும் படாத அலமாரியில் வையுங்கள். வாரம் ஒரு முறை குலுக்கினால் போதும். எட்டு வாரத்தில் கேக்குக்கு ஊற்றலாம், ஆறு மாதத்தில் அதன் அருமை தெரியும். குளிர் நாடுகளைவிட நம் ஊர் அலமாரியின் சூட்டில் சாறு கொஞ்சம் சுறுசுறுப்பாகவே இறங்கும். நீங்கள் இப்போது, அக்டோபர் முதல் வாரத்திலேயே போட்டுவிட்டால் டிசம்பர் ஆர்டருக்குக் கைக்கு வந்துவிடும்.

பச்சைக் காயைப் பற்றிக் கேட்டீர்களே, அதுதான் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. ஒரு காயை முகர்ந்து பாருங்கள், வெனிலா மணமே இருக்காது. பச்சைக் காயில் வெனிலின் தனியாக இல்லை. குளுக்கோஸோடு பிணைந்து குளுக்கோவெனிலின் என்ற பொருளாகப் பூட்டிக் கிடக்கிறது. பூட்டைத் திறக்கும் என்சைமும் அதே காயில் இருக்கிறது. பதப்படுத்துவது என்றால் காயின் உயிரணுக்களை உடைத்து, அந்த என்சைமை மட்டும் சாகாமல் காப்பாற்றி வேலை செய்ய விடுவது. 121 டிகிரியில் என்சைம் அடியோடு செத்துவிடும். பச்சைக் காயைக் குக்கரில் போட்டால் மணம் பூட்டியபடியே இருக்க, அவித்த பயறு வாசனையில் ஒரு கஷாயம்தான் கிடைக்கும். பச்சையாக வோட்காவில் போட்டாலும் இந்தப் பக்குவம் வராது.

நாத்தனார் கொடுத்ததை வீணாக்காதீர்கள். மெக்சிகோவுக்கு வெளியே வெனிலாப் பூவைக் காயாக்கக் கை தேவை. பூ ஒரு நாள் காலையில் விரிந்து அன்றே வாடிவிடும். அதற்குள் ஒவ்வொரு பூவிலும் குச்சியால் மகரந்தத்தை ஒட்டவைக்க வேண்டும். இந்த உத்தியை 1841இல் ரீயூனியன் தீவில் கண்டுபிடித்தவர் எட்மண்ட் அல்பியஸ். அப்போது அவர் 12 வயது அடிமைச் சிறுவன். இன்றைக்கும் பொள்ளாச்சித் தோப்பில் நடப்பது அவர் காட்டிக்கொடுத்த வழிதான். உங்கள் ஒரு கிலோவில் உள்ள ஒவ்வொரு காயும் யாரோ ஒருவர் விடிகாலையில் கொடியோரம் நின்று தொட்ட பூ. அதற்குப் பிறகு அது முற்ற ஒன்பது மாதம் ஆகியிருக்கும்.

நுனி மஞ்சளாகத் தொடங்கிய காய்களை மட்டும் தேர்ந்தெடுங்கள், இளங்காயில் மணம் ஏறாது. பறித்து ஒரு வாரம் ஆகிவிட்டதால் இனியும் தள்ளிப்போட வேண்டாம். வெட்டுவாயில் வரும் பால் சிலருக்குத் தோலில் அரிப்பைக் கிளப்பும், அதனால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீரை 63 முதல் 65 டிகிரிக்குள் வைத்து, காய்களை 3 நிமிடம் முக்கி எடுக்க வேண்டும். இதைக் கைப்பக்குவத்தில் செய்ய முடியாது, சமையல் தெர்மாமீட்டர் அவசியம். சூடு ஆறும் முன்பே கம்பளியில் சுற்றி ஒரு பெட்டிக்குள் மூடி வையுங்கள். மறுநாள் காய் சாக்லேட் நிறத்துக்குத் திரும்பியிருக்கும். பிறகு ஒரு வாரம் பத்து நாள், தினமும் ஓரிரு மணி நேரம் கம்பளியின் மேல் பரப்பி வெயில் காட்டி, சூடு இருக்கும்போதே சுருட்டி மூடுங்கள். அதன் பின் நிழலில் மூன்று நான்கு வாரம் உலர்த்தல். காய் விரலில் சுற்றினால் ஒடியாமல் வளைய வேண்டும். கடைசியாக மூடிய டப்பாவில் இரண்டு மூன்று மாதம். பூஞ்சை தென்படுகிறதா என்று வாரா வாரம் பார்த்து, பூத்த காயைத் தயங்காமல் தூக்கிப் போட்டுவிடுங்கள். ஒரு கிலோ கடைசியில் 150 முதல் 200 கிராமாக வந்து நிற்கும். இந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு அது கிடைக்காது, அடுத்த கோடைக்குக் கிடைக்கும். பாடுதான், ஆனால் அந்த டப்பாவைத் திறக்கும்போது வரும் மணத்துக்காக இந்தப் பாட்டைப் படலாம் என்றே சொல்வேன்.

குக்கரில் ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்றால், மது இல்லாத வெனிலாப் பாகு செய்யுங்கள். 100 கிராம் சர்க்கரை, 100 மில்லி தண்ணீர், கீறிய கறுப்புக் காய் ஒன்று. எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டுத் தட்டால் மூடி, பருப்பு வைப்பதுபோல் குக்கருக்குள் வைத்துச் சிறு தீயில் 10 நிமிடம். அழுத்தம் தானாக இறங்கிய பின் திறந்து, ஆறவிட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு வாரம் வரும். கஸ்டர்டுக்கும் ஐஸ்கிரீமுக்கும் கேக் மேல் தடவவும் அருமையாக இருக்கும். மாவில் கலக்கும்போது அந்த அளவுக்குச் சர்க்கரையையும் தண்ணீரையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

வாடிக்கையாளர்களிடம் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒரு தேக்கரண்டி எக்ஸ்ட்ராக்டில் ஏறத்தாழ 2 மில்லி ஆல்கஹால் இருக்கிறது. ஓவனில் பெரும்பகுதி போய்விடும், ஆனால் முழுவதும் போய்விடும் என்று உறுதி கொடுக்க முடியாது. க்ரீமில் கலந்தால் அத்தனையும் அப்படியே இருக்கும். மதத்தினாலோ மருந்து காரணமாகவோ மதுவைத் தொடாதவர்கள் உங்கள் கேக்கை நம்பிச் சாப்பிடுவார்கள். அவர்கள் ஆர்டருக்கு மேலே சொன்ன பாகையோ, உணவுத் தரம் என்று அச்சிட்ட கிளிசரினில் மூன்று பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர் சேர்த்து ஊறவைத்த சாறையோ பயன்படுத்துங்கள். கிளிசரின் சாறில் மணம் சற்று மந்தமாக இருக்கும், கொஞ்சம் கூடுதலாக ஊற்ற வேண்டும். இரண்டு பாட்டிலிலும் போட்ட தேதியையும் எதில் ஊறுகிறது என்பதையும் ஒட்டி வையுங்கள், பார்வைக்கு இரண்டும் ஒரே நிறமாகத்தான் இருக்கும்.