பள்ளி ஆய்வுக்கூடத்து எத்திலீனும் நம் வாழைத்தாரும்

மேல்நிலைப் பள்ளியில் படிக்கும் உங்கள் மகனோ மகளோ, எத்திலீன் வாயு தயாரிக்கும் பாடம் படித்ததாகச் சொன்னால், நமக்கென்ன என்று இருந்துவிடாதீர்கள். முதிர்ந்த வாழைக்காய் தனக்குள் தானே உண்டாக்கிக்கொண்டு பழுப்பதும் அதே வாயுவால்தான். பழுத்த பழம் ஒன்று கிடந்தால் அருகிலுள்ள காய்களும் விரைந்து பழுப்பது இதனாலேயே. மூட்டம் போடும்போது எழும் புகையிலும் இவ்வாயு சிறிதளவு உண்டு.

ஆய்வுக்கூடத்தில் எத்தில் ஆல்கஹாலுடன் ஏறத்தாழ மூன்று மடங்கு அடர் கந்தக அமிலத்தைக் குளிரவைத்தபடியே சிறிது சிறிதாகச் சேர்ப்பார்கள். நுரை பொங்காமலிருக்க மணலும் இடுவதுண்டு. குடுவையை 170 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றினால், அமிலம் ஆல்கஹாலிலிருந்து நீரைப் பிரித்துவிட, எத்திலீன் வெளிவரும். வெப்பம் 140 டிகிரியிலேயே நின்றுவிட்டால் ஈதர்தான் மிகுதியாகக் கிடைக்கும். வாயுவை காஸ்டிக் சோடாக் கரைசல் வழியே செலுத்திக் கழுவி, நீர் நிரம்பிய ஜாடியில் பிடிப்பார்கள். முடிவில் போக்குக்குழாயை நீரிலிருந்து எடுத்த பிறகே விளக்கை அணைக்க வேண்டும். மாணவனாயிருந்தபோது நான் முதலில் விளக்கை அணைத்தேன். நீர் பின்னோக்கி ஏறிச் சூடான குடுவை உடைந்தது. யார்மீதும் அமிலம் தெறிக்காதது அன்றைய அதிர்ஷ்டம். வீட்டில் இச்சோதனையை யாரும் செய்ய வேண்டாம்.

கிடைத்தது எத்திலீன்தானா? செந்நிறப் புரோமின் நீர் அதில் நிறமிழக்கும். காரம் சேர்த்த பொட்டாசியம் பெர்மாங்கனேட்டின் ஊதா நிறம் மறைந்து பழுப்புப் படிவு தோன்றும். வாயுவைக் கழுவாமல் விட்டால் அதனுடன் வரும் கந்தக டை ஆக்சைடும் இந்நிறங்களைப் போக்கி நம்மை ஏமாற்றிவிடும்.

இன்னொரு வாயுவும் இவ்வாறே நிறத்தைப் போக்கும். கார்பைடு கல்லில் ஈரம் பட்டதும் வரும் அசிட்டிலீனே அது. அம்மோனியா கலந்த வெள்ளி நைட்ரேட் கரைசலில் செலுத்தினால் அசிட்டிலீன் வெண்ணிற வீழ்படிவு தரும், எத்திலீன் தராது. பழத்தின்மீது அசிட்டிலீனுக்கு எத்திலீன் போன்ற வேலை உண்டென்றாலும் வலிமை மிகக் குறைவு. முதிராத காயில் தோல் மஞ்சளாகும். உள்ளே சுவை ஏறாது. கார்பைடிலிருந்து ஆர்சனிக், பாஸ்பரஸ் சேர்ந்த நச்சு வாயுக்களும் வருகின்றன. ஆகவே பழங்களைப் பழுக்க வைக்கக் கார்பைடு பயன்படுத்துவதை 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகள் தடை செய்கின்றன. ‘இரண்டும் ஒரே கேஸ்தான்’ என்று வியாபாரி சொன்னால் நம்பாதீர்கள்.

எத்திலீனை, காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு வரை பயன்படுத்த 2016 முதல் அனுமதி உண்டு. இவ்வளவுக்கு அமிலமும் அடுப்பும் வேண்டியதில்லை. 5 லிட்டர் நீரில் 10 மி.லி. எத்ரல் கலந்து, அகன்ற வாயுள்ள பாத்திரத்தில் அறைக்குள் வைத்து, 2 கிராம் காஸ்டிக் சோடா வில்லைகளை இட்டால், எத்ரல் சிதைந்து எத்திலீனை விடும். கையுறை அவசியம். அறையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தார்களை அடுக்காதீர்கள். காற்றுப்புகாமல் 12 முதல் 24 மணி நேரம் மூடி வைத்துப் பின் நன்றாகத் திறந்துவிடுங்கள். காய்கள் சுவாசிப்பதால் கரியமில வாயு சேர்ந்து நின்றால் பழுப்பது தாமதமாகும். காயை எத்ரல் கரைசலில் முக்குவதற்கு அனுமதியில்லை. எத்திலீன் எரியும் வாயு; காற்றில் 2.7 சதத்தை எட்டினால் தீப்பற்றும். நாம் பயன்படுத்துவது அதில் 270இல் ஒரு பங்குதான் என்றாலும் விளக்கோ பீடியோ அறைக்குள் ஆகாது.

தாரைத் தொலைதூரச் சந்தைக்கு அனுப்புவோருக்கு மேற்சொன்ன ஊதா நிறச் சோதனையே கைகொடுக்கும். நுண்துளையுள்ள சுண்ணக்கட்டி போன்ற பொருளைப் பெர்மாங்கனேட் கரைசலில் ஊறவைத்து உலர்த்தி, துளையிட்ட காகிதப் பொட்டலமாகக் கட்டி, பாலிதீன் உறைக்குள் சீப்புகளோடு வைத்தால், காய்கள் விடும் எத்திலீனை அது எடுத்துக்கொள்ளும். காய் பச்சையாகவே சில நாள் கூடுதலாக நிற்கும். பொட்டலம் பழத்தைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஊதா மாறி முழுவதும் பழுப்பாகிவிட்டால் அதன் வேலை தீர்ந்தது; புதிது மாற்ற வேண்டும். பழுக்கத் தொடங்கிவிட்ட சீப்பு ஒன்று உறைக்குள் தப்பித்தவறிச் சேர்ந்துவிட்டாலும் பொட்டலம் சீக்கிரமே பழுப்பாகிவிடும். ஆகவே கட்டுமுன் ஒவ்வொரு சீப்பாகப் பார்த்துக் கழித்துவிடுங்கள்.