ஏரி மீன் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

ஞாயிறு காலையில் பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் மீன் கடைகளில் கட்லா, ரோகு, ஜிலேபிதான் குவிந்து கிடக்கும். எதில் சத்து அதிகம்?

1. புரதத்துக்காக விலை கூடின மீனைத் தேடவே வேண்டாம். கட்லா, ரோகு, ஜிலேபி, விரால் எதுவானாலும் 100 கிராம் சதையில் சுமார் 16 முதல் 20 கிராம் புரதம் இருக்கும். விராலுக்குக் கொடுக்கும் கூடுதல் காசு ருசிக்கும் முள் குறைவுக்கும்தான். குழந்தைகளுக்கு ஊட்ட அது தகும்.

2. விரால் என்று சொல்லித் தேளியைத் தள்ளிவிடுவார்கள். விராலுக்குச் செதில் உண்டு, மீசை கிடையாது. தேளி வழவழவென்று செதிலே இல்லாமல், வாயைச் சுற்றி எட்டு மீசையோடு இருக்கும். அதில் ஆப்பிரிக்கத் தேளியை வளர்க்க நம் நாட்டில் தடையே இருக்கிறது. துண்டு போட்ட மீனில் மீசை தெரியாது. முழு மீனைப் பார்த்த பிறகு வெட்டச் சொல்லுங்கள்.

3. கட்லா வாங்கினால் தலையை விட்டுவிடாதீர்கள். எடையில் ஏறக்குறைய கால் பங்கு அதுதான், காசு கொடுத்தாயிற்றே! கொழுப்புள்ள வயிற்றுத் துண்டு குழம்புக்கு. ரோகு, ஜிலேபி கொழுப்பு குறைந்தவை. ஆனால் எண்ணெயில் முக்கிப் பொரித்தால் அந்தக் கணக்கெல்லாம் போச்சு. தோசைக்கல்லில் வறுங்கள்.

4. கால்சியம் வேண்டுமா? அயிரை, பொடிக் கெண்டை கண்ணில் பட்டால் விடாதீர்கள். பெரிய மீனின் முள்ளைத் தட்டோரம் ஒதுக்குகிறோம், கால்சியமும் அதோடு போகிறது. பொடி மீனை முள்ளோடு மென்றுவிடலாம். மண்சட்டியில் கல் உப்பு போட்டு உரசிக் கழுவுங்கள், தலையைக் கிள்ளாதீர்கள். வங்கதேசத்தில் மோலா என்னும் பொடி மீனை ஆராய்ந்தபோது, வைட்டமின் ஏ பெரும்பாலும் கண்ணிலும் குடலிலும்தான் இருந்தது.

5. ஒமேகா-3க்கு ஏரி மீனை நம்ப வேண்டாம். வாரம் ஒருநாள் மத்தியோ கானாங்கத்தையோ வாங்கிவிடுங்கள், விலையும் மலிவு.

6. இங்கே விற்கும் கட்லா, ரோகுவில் நிறைய ஆந்திராவிலிருந்து ஐஸில் வருபவை. செவுளைத் தூக்கிப் பாருங்கள். சிவப்பு மாறிப் பழுப்பாகியிருந்தால் நகர்ந்துவிடுங்கள்.

7. சாக்கடையும் ஆலைக் கழிவும் கலக்கும் ஏரியில் தூண்டில் போட்டுப் பிடித்த மீன், சும்மா கொடுத்தாலும் வேண்டாம். கன உலோகங்கள் சமைத்தாலும் போகாது.

8. மண் வாடை அடித்தால், மஞ்சள் தூள், உப்பு தடவிக் கழுவி, புளித் தண்ணீரிலோ மோரிலோ கால் மணி நேரம் ஊற வையுங்கள். குழம்பிலும் புளி கொஞ்சம் தூக்கலாக இருக்கட்டும்.