கல்யாண கேசட்டைக் காப்பாற்ற ஒரு பழைய பிசி போதும்



உங்க அப்பா அம்மா கல்யாண வீடியோ எதுல இருக்கு? 90களில் நடந்த கல்யாணம்னா, அநேகமா பீரோ மேல இருக்கிற ஒரு விஎச்எஸ் கேசட்டுல. அதை ஓட்டுற டெக் இப்போ புதுசா கிடைக்காது. கடைசி வரை தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. டேப்பும் வருஷத்துக்கு வருஷம் கெட்டுக்கிட்டே வருது. அதனால இந்த வேலையைத் தள்ளிப்போட முடியாது.

இதுக்காகப் புது கம்ப்யூட்டர் வாங்க வேண்டாம். சொல்லப்போனா, இந்த ஒரு வேலைக்குப் பழைய பிசிதான் வசதி.

ஏன் பழசு?

2008 வாக்கில் வாங்கிய கோர் 2 டியோ பிசியைத் திறந்து பாருங்க. மதர்போர்டில் பிசிஐ ஸ்லாட் இருக்கும். இன்றைய போர்டுகளில் அது பெரும்பாலும் கிடையாது. அப்போ பல வீடுகளில் கம்ப்யூட்டரிலேயே டிவி பார்க்க டிவி டியூனர் கார்டு போட்டிருப்பாங்க. கேபிள் டிஜிட்டல் ஆனதும் அது சும்மா கிடக்குது. ஆனா அதே கார்டில் காம்போசிட் வீடியோ இன்புட்டும் உண்டு. டெக்கின் மஞ்சள் ஒயரை அதில் சொருகினால் போதும். பிடி878 சிப் உள்ள கார்டுன்னா லினக்ஸ் கெர்னலிலேயே டிரைவர் இருக்கு.

கார்டு கிடைக்கலையா? யுஎஸ்பி கேப்சர் ஸ்டிக் வாங்கிக்கலாம். எஸ்டிகே1160 சிப் உள்ளதா என்று மட்டும் பாருங்க, அதுக்கும் லினக்ஸ் டிரைவர் உண்டு.

இன்னொரு வசதி, பின்பக்கம் இருக்கிற நீல நிற லைன்-இன் சாக்கெட். டெக்கின் ஆடியோ ஒயர் அதில்தான் போகணும். பக்கத்தில் இருக்கிற பிங்க் சாக்கெட் மைக்குக்கானது. அதில் கொடுத்தா சத்தம் கரகரன்னு உடையும்.

கணக்கு போட்டுப் பார்ப்போம்

"இந்த ஓட்டை பிசி தாங்குமா?" நம்ம ஊர் வீடியோ பால் முறை: விநாடிக்கு 25 ஃபிரேம், டிஜிட்டலாக்கினால் ஒரு ஃபிரேம் 720 × 576 பிக்சல். ஒரு பிக்சலுக்கு 2 பைட் என்றால்:

720 × 576 × 2 × 25 = 2,07,36,000 பைட்

அதாவது விநாடிக்குச் சுமார் 21 எம்பி, ஒரு மணி நேரத்துக்கு 75 ஜிபி. பழைய சாட்டா ஹார்ட் டிஸ்க்கே விநாடிக்கு 50 எம்பிக்கு மேல் எழுதும். தரம் குறையாமல் சுருக்கும் ஹஃப்யுவ் கோடெக் போட்டால் அளவு ஏறக்குறைய பாதியாகும். கோர் 2 டியோவுக்கு அது பெரிய சுமையே இல்லை. 3 மணி நேர கேசட்டுக்கு 120 ஜிபி ஒதுக்கி வையுங்க. டிஸ்க்கை எஃப்ஏடி32வில் ஃபார்மேட் பண்ணாதீங்க; ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. ஈஎக்ஸ்டி4 நல்லது.

பிசியைத் தயார் செய்ய

1. தூசி தட்டி, பிராசஸருக்குப் புது தெர்மல் பேஸ்ட் போடுங்க. சூடேறினா வேகம் குறையும், ஃபிரேம் விட்டுப்போகும்.
2. மதர்போர்டில் தலை உப்பிய கெப்பாசிட்டர் இருந்தால் அந்த போர்டை நம்பாதீங்க.
3. ஹார்ட் டிஸ்க்கின் ஸ்மார்ட் ரிப்போர்ட்டைப் பாருங்க. ஓஎஸ் ஒரு டிஸ்க்கில், ரெக்கார்டிங் இன்னொரு டிஸ்க்கில் இருக்கட்டும்.
4. டெபியன் போன்ற லினக்ஸை லேசான டெஸ்க்டாப்போடு போடுங்க. 2 ஜிபி ரேம் போதும். ரெக்கார்டிங் நேரத்தில் நெட்டைப் பிடுங்கிடுங்க, ஸ்லீப் மோடையும் நிறுத்திடுங்க.

டேப்பைத் தொடும் முன்

கேசட் ஜன்னல் வழியா வெள்ளைப் பொடி மாதிரி தெரிஞ்சா அது பூஞ்சை. அதை டெக்கில் போடாதீங்க. ஹெட்டில் ஒட்டிக்கிட்டு அடுத்த கேசட்டுக்கும் பரவும். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் முதலில் கொடுங்க. நல்ல கேசட்டா இருந்தா கடைசி வரை ஒருமுறை ஓட்டி, திரும்ப ரீவைண்ட் பண்ணுங்க. டேப்பின் இறுக்கம் சமமாகும்.

டெக்கின் வீடியோ ஹெட்டை இயர் பட்ஸ் வைத்துத் துடைக்காதீங்க. பஞ்சு இழை மாட்டி ஹெட் உடையலாம். ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த ஷாமி துணியை டிரம்மில் அசையாமல் பிடித்து, டிரம்மை மட்டும் கையால் மெதுவா சுற்றுங்க. மேலும் கீழுமா தேய்க்கவே கூடாது.

ரெக்கார்டிங்

எஃப்எஃப்எம்பெக்கில் இன்புட்டை 'பால்' என்று அமைக்கணும். என்டிஎஸ்சியில் இருந்தால் படம் உருளும், கலர் போகும். ஒவ்வொரு ஃபிரேமும் 1/50 விநாடி இடைவெளியில் எடுத்த இரண்டு பாதிப் படங்கள். அசைவில் சீப்புப் பல் போல கோடு தெரிவது அதனால்தான். அதை இப்போதே சரிசெய்யாதீங்க. படத்தின் அடியில் துடிக்கும் பட்டையையும் வெட்டாதீங்க. முதலில் உள்ளதை உள்ளபடி பிடித்துவிடுவோம். எடிட்டிங்கை எத்தனை தடவை வேணும்னாலும் செய்யலாம், டேப் அத்தனை தடவை ஓடாது.

வீடியோ கார்டுக்கும் சவுண்ட் கார்டுக்கும் தனித்தனி கிளாக். நீண்ட ரெக்கார்டிங்கில் நாதஸ்வரம் ஒரு நொடி, வாசிக்கிறவர் ஒரு நொடின்னு விலகலாம். எஃப்எஃப்எம்பெக்கில் ஆடியோவை நேரத்தோடு ஒத்திசைக்கும் ஃபில்டர் இருக்கு, அதைப் பயன்படுத்துங்க. முடிஞ்சதும் ஃபைலின் கடைசி ஐந்து நிமிஷத்தைப் பார்த்து உதடும் சத்தமும் ஒத்துப்போகுதான்னு சரிபாருங்க.

எல்லாம் சரியா இருந்தால், கோடுகளை நீக்கி விநாடிக்கு 50 ஃபிரேமாக எச்.264இல் ஒரு காப்பி எடுங்க. அது குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்கும் டிவிக்கும். மூல ஃபைலை இரண்டு வெவ்வேறு டிஸ்க்கில் வையுங்க. கேசட்டையும் தூக்கிப் போடாதீங்க.

கடைசியா ஒண்ணு. 3 மணி நேர கேசட் ரெக்கார்டாக 3 மணி நேரம் ஆகும், அதைக் குறைக்க வழியில்லை. அந்த நேரம் பாட்டியையோ பெரியம்மாவையோ பக்கத்துல உட்கார வையுங்க. பந்தியில் பரிமாறுவது யாரு, மணவறைக்குப் பின்னாடி நிற்கும் தாத்தா யாருன்னு கேட்டு, நிமிஷக் கணக்கோடு ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி, வீடியோ பக்கத்திலேயே சேமிங்க. முகங்களை நம்ம பிசி பிடிச்சுடும். பெயர்கள் அவங்ககிட்ட மட்டும்தான் இருக்கு.