வண்டியை இறக்கியாச்சு, அலைன்மென்ட் பார்த்தீங்களா?

காரை இறக்கினதும் தென்காசி பஜார்ல கெத்தாத்தான் தெரியும். ஆனா ஸ்பிரிங் குட்டையானதும் லோயர் ஆர்ம், டை ராட் ரெண்டோட கோணமும் மாறிடும். ஸ்விஃப்ட் மாதிரி முன்னால் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் உள்ள வண்டியில் சக்கரத்தின் மேல்பக்கம் வழக்கமா உள்ளே சாயும். இது நெகட்டிவ் கேம்பர். கூடவே டோவும் மாறும்.

டயரை அதிகம் தின்பது கேம்பர் இல்லை, டோதான். கணக்குப் போட்டுப் பாருங்க: ஒரு சக்கரம் அரை டிகிரி திரும்பியிருந்தா, சைன் 0.5° = 0.0087. கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட 9 மீட்டர் பக்கவாட்டில் தேய்கிறது. தென்காசியிலிருந்து குற்றாலம் சுமார் 5 கிலோமீட்டர்தான்; அதுக்கே 44 மீட்டர்! கேம்பரும் சேர்ந்தா உள்விளிம்பு மொட்டை. வெளியே நின்னு பார்த்தா தெரியாது. சாரல் சீசனில், தண்ணியை வெளியேற்றப் பள்ளமே இல்லாத டயரோடு புளியரை எஸ் வளைவில் பிரேக் போட்டா என்னாகும்?

ஸ்பிரிங்கை வெட்டாதீங்க. 6 சுற்றில் 1 போனா விறைப்பு 20 சதவீதம் ஏறும். பழைய ஷாக் அப்சார்பர் அதை அடக்காது. ஜாக்கி போட்டா ஸ்பிரிங் இடம் நழுவவும் கூடும். இறக்குறதுக்குன்னே செய்த ஸ்பிரிங், அதுக்கேத்த டேம்பர், குட்டை பம்ப் ஸ்டாப் மூணையும் ஒண்ணா மாத்துங்க.

புஷ், பால் ஜாயின்ட் ஆட்டமும் டயர் காத்தும் பார்த்த பிறகே அலைன்மென்ட். முதலில் கேம்பர் போல்ட், அப்புறம் டோ. கேம்பரை மாத்தினா டோவும் நகரும். டோ மட்டும் போதும்னு சொல்ற கடையை நான் நம்ப மாட்டேன். பின்னால் டார்ஷன் பீம் என்றால் பெரும்பாலும் திருக ஒன்றும் இருக்காது. சில நூறு கிலோமீட்டர் ஓடி ஸ்பிரிங் அமர்ந்ததும் மறுபடி அளந்து, பிரிண்ட்டைக் கேட்டு வாங்குங்க.